பிடிக்க வந்த கை

மருத்துவமனை அறையில் போன் அலறியது!

கட்டிலில் கிடந்த மெத்தைக்கடைக்காரரால் திரும்பிக்கூடப் பார்க்க முடியவில்லை. கழுத்திலிருந்து இடுப்புவரை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வெளிநாட்டுக்குச் சுற்றுலா வந்தவர், முந்தாநாள் ஓட்டலின் இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து விழுந்திருந்தார்.

ஊரில் பாதிப் பேரை மெத்தையில் படுக்கவைத்தவர்.

விழுந்தது சிமெண்ட் தரையில்!

கூடவே சுற்றுலா வந்திருந்த தம்பி, பாய்ந்து போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"டிராவல் இன்ஷூரன்ஸ்ல இருந்து பேசறேன். உங்க க்ளெய்மை விசாரிக்கற ஆபீசர். உள்ள வரலாமா?"

"உள்ளயா...? எங்க இருக்கீங்க?"

"கதவுக்கு வெளியில."

கதவு திறந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. கையில் ஒரு பேனா. முகத்தில் எதுவும் இல்லை. அலுவலகத்தில் அவளுக்கு 'நோ மேடம்' என்று பெயர். 'யெஸ்' சொல்லி யாரும் கேட்டதில்லை.

"வாங்கம்மா!" கட்டிலில் கிடந்த பெரியவரின் முகம் மலர்ந்தது. "நாளைக்குள்ள முதுகுல ஆபரேஷன் பண்ணலைன்னா காலு ரெண்டும் வராதாம். நீங்க பணத்துக்குப் பொறுப்பேத்துக்கிட்டாத்தான் டாக்டர் கத்தியவே தொடுவாராம்..."

"க்ளெய்ம் ரிஜெக்ட் சார்."

"எ... என்னது?"

"காலையிலேயே மறுத்தாச்சு. பழைய வியாதியை மறைச்சு பாலிசி எடுத்திருக்கீங்க."

"எனக்கு என்ன வியாதி?"

"தலைசுத்தல். ரொம்ப வருஷமா. நின்ன இடத்துலேயே சாய்ஞ்சிடுவீங்களாம்."

பெரியவர் சிரித்துவிட்டார். முதுகு வலித்தது. நிறுத்திக்கொண்டார்.

"ஏம்மா, எனக்குத் தலைவலியே வந்ததில்லம்மா! எந்தப் புண்ணியவான் சொன்னான்?"

நோ மேடம் பேனாவை நீட்டினாள். தம்பியை நோக்கி!

"உங்களை அட்மிட் பண்ணினப்போ டாக்டர்கிட்ட இவர்தான் சொல்லியிருக்கார்."

தம்பி ஒரு அடி பின்னால் நகர்ந்தான். "பதட்டத்துல ஏதோ... உளறிட்டேன்ணா..."

"பாத்தீங்களா? கேணப்பய உளறியிருக்கான்!" பெரியவருக்கு உயிர் வந்தது. "டேய், இல்லைன்னு சொல்லிடுடா. முடிஞ்சது!"

"தாராளமா சொல்லலாம்," என்றாள் நோ மேடம். "ஆனா இன்னொரு கேள்வி வரும். பால்கனிச் சுவர் உங்க இடுப்பு உயரம். மறுத்தப்புறம் நானே போய்ப் பார்த்தேன். ரத்தத்துல சாராயம் இல்லை. தலையும் சுத்தலைன்னா, அந்தச் சுவரைத் தாண்டி எப்படி சார் மல்லாந்து விழுந்தீங்க?"



"அதெல்லாம் அப்புறம்மா. டேய், சொல்லுடா... அண்ணனுக்குத் தலைசுத்தல் இல்லைன்னு சொல்லு."

தம்பி ஜன்னலைப் பார்த்தான்.

"ஒரு வார்த்தைடா! என் காலு போகுதுடா!"

தம்பி ஜன்னலையே பார்த்தான்.

பெரியவர் அவனையே பார்த்தார். ரொம்ப நேரம். பிறகு... மெதுவாக அவர் முகம் மாறியது.

"சுவர்ல சாய்ஞ்சு நின்னேன்... நீ பக்கத்துல வந்தே... நெஞ்சுல ஒரு கை பட்டுச்சு..." குரல் உடைந்தது. "பிடிக்க வந்த கைன்னு நெனச்சேன்டா! ரெண்டு நாளா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். என் தம்பி பிடிக்கப் பாத்தான், முடியலைன்னு..."

"என்னை வேற என்ன பண்ணச் சொல்றீங்க?" தம்பி வெடித்தான். "கடையை வித்துப் பங்கைக் கொடுங்கன்னு எத்தனை தடவை கெஞ்சினேன்? என் உசிரு இருக்கறவரைக்கும் விக்கமாட்டேன்னீங்க!"

"அதுக்காக..."

"நீங்கதானேண்ணா வழி சொன்னீங்க!"

நோ மேடம் கதவைத் திறந்தாள். வெளியே தமிழ் தெரிந்த இரண்டு போலீஸ்காரர்கள். வாசலில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். தம்பியின் கையில் விலங்கு ஏறியது.

"உனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தேனேடா..." பெரியவர் முணுமுணுத்தார். "பின்னாடி பிடிச்சுக்கிட்டே ஓடி வந்தேனே... ஒரு தடவையாவது கையை விட்டேனாடா?"

போலீஸ்காரர்கள் வாசலிலேயே தம்பியின் விவரங்களை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் கண்ணைத் துடைக்கச் சொன்னார். சத்தம் கேட்டு உள்ளே வந்த நர்ஸ் துடைத்துவிட்டாள்.

"அப்போ... எனக்கு வியாதி இல்லைன்னு ஆயிடுச்சு. க்ளெய்ம் பாஸ்தானேம்மா?"

"ரிஜெக்ட் சார்."

"என்னம்மா சொல்றீங்க!"

"கூட வந்த குடும்பத்து ஆளே வேணும்னு செஞ்ச காயத்துக்குப் பணம் கிடையாது. பாலிசியிலேயே இருக்கு."

பெரியவர் கண்ணை மூடினார். திறந்தார். நர்ஸைக் கூப்பிட்டு, மனைவிக்குப் போன் போடச் சொன்னார்.

"நான்தான்... ஒண்ணும் கேக்காதே. கடையை வித்துடு. இன்னிக்கே. பக்கத்துக் கடைக்காரர் என்ன விலை சொன்னாலும் கொடுத்துட்டு, ஆஸ்பத்திரிக்குப் பணம் அனுப்பு... நான் நடந்து வந்து மத்ததைச் சொல்றேன்."

வாசலைத் தாண்டிக்கொண்டிருந்த தம்பி அப்படியே நின்றான்.

"அண்ணா! விக்கமாட்டேன்னு சொன்னீங்களேண்ணா!"

போலீஸ்காரர் அவனைத் தள்ளிக்கொண்டு போனார்.

பெரியவர் நோ மேடத்தைப் பார்த்தார். "எப்படியும் நோ தான் சொல்லப் போறீங்க. அதுக்கு எதுக்கும்மா ஓட்டலுக்கு நடந்து, சுவரை அளந்து, என் தம்பியையும் பிடிச்சுக் கொடுத்து... இவ்வளவு மெனக்கெட்டீங்க?"

நோ மேடம் பேனாவை மூடினாள்.

"காலையில தப்பான காரணத்துக்கு மறுத்துட்டோமோன்னு ராத்திரியெல்லாம் உறுத்தும் சார்... எங்க கம்பெனிக்கு மனசாட்சி உண்டு!"