ஒரு நிமிட இருட்டு

வழிகாட்டி நகைச்சுவையைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவர்கள் சிரித்துவிட்டார்கள்.

கோட்டையின் முதல் வாசலில் பயணிகள் இருபத்திரண்டு பேரும் நின்றிருந்தார்கள். காலை வெயில் கல்லைச் சூடாக்கத் தொடங்கியிருந்தது. வௌவால் எச்சமும் பழைய மரமும் கலந்த வாடை உள்ளிருந்து வந்தது. கோட்டை வாசல்கள் ஏன் நேராகத் திறப்பதில்லை என்பதை அவன் அப்போதுதான் விளக்கியிருந்தான். வாசலுக்குப் பத்தடி முன்னால் பாதை சட்டென்று வலப்பக்கம் திரும்பிவிடும். கதவை மோத வரும் யானைக்கு ஓடிவர இடம் இருக்காது. அதையும் மீறி வந்துவிட்டால், அதன் நெற்றி படும் உயரத்தில் கதவெங்கும் இரும்பு முள். "இந்த முள்ளெல்லாம் யானைக்காகத்தான்" என்று சொல்லி நிறுத்தினான். வழக்கமாக ஒரு மூச்சு விட்டு, "லேட்டா வர்ற ராஜாவுக்கு ராணியோட முறைப்பே போதும்" என்பான். நூறு முறை சொன்ன வரி. அந்த ஒரு மூச்சு இடைவெளியில்தான் அதன் உயிரே இருக்கிறது.

சிரிப்பு அந்த இடைவெளியிலேயே வந்துவிட்டது. ஒருவர் ஊகித்து மற்றவர்கள் தொற்றிக்கொண்ட சிரிப்பு அல்ல. எல்லோரும் ஒரே நொடியில், இரண்டாம் பாதியைக் கேட்டவர்கள் சிரிப்பதுபோல.

அவன் இரண்டாம் பாதியைச் சொல்லவே இல்லை. அது இல்லாத குறை யாருக்கும் தெரியவும் இல்லை.

அந்த வரி அவனுடையதும் அல்ல. அக்கா வீட்டுக்காரருடையது. அத்தான் செத்து ஏழு மாதம் ஆகிறது.

அவர்கள் கேட்டது காதுக்கருவி வழியாக. இப்போது எல்லாச் சுற்றுலாக் குழுக்களிலும் இதுதான் ஏற்பாடு. வழிகாட்டியின் கழுத்தில் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு பெட்டி, அதிலிருந்து வாயருகே ஒரு மைக். பயணிகள் ஒவ்வொருவர் மார்பிலும் அதுபோலவே ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு காதில் மாட்டும் வளையம். மைக்கில் பேசினால் குரல் வானொலி அலையாகப் போய் எல்லாக் காதிலும் ஒரே நேரத்தில் விழும். விழும்போது அந்தந்தப் பெட்டியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். நூறடி தள்ளி நின்றாலும் காதோரம் பேசுவதுபோல இருக்கும். கத்த வேண்டியதில்லை. ஒரே ஒரு குறை, பேசுகிறவனுக்கு மட்டும் எதுவும் கேட்காது. பயணிகளின் காதில் என்ன விழுகிறது என்பதை அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவன் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேறு குழுவின் அலைவரிசை கலந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒரே அலைவரிசை எண்ணில் இரண்டு மைக்குகள் இருந்தால் அப்படி நேர்வதுண்டு. மதியச் சாப்பாட்டு வேளையில் எல்லாப் பெட்டிகளையும் வாங்கி, ஏழாம் எண்ணிலிருந்து பதினொன்றுக்கு மாற்றிக் கொடுத்தான்.

இரண்டாவது ஊரில் ஒரு கல்லறை மண்டபம். குவிமாடத்துக்குக் கீழே வட்டமாக ஒரு நடை. அங்கே சுவரைப் பார்த்து முணுமுணுத்தால், குரல் காற்றில் சிதறாமல் வளைந்த சுவரைத் தடவியபடியே வழுக்கிக்கொண்டு போய், எதிர்ப்பக்கம் சுவரில் காது வைத்திருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். குழந்தையிலிருந்து கிழவர்வரை எல்லோரும் வாய்பிளக்கும் இடம். அதற்காகவே காதுக்கருவிகளைக் கழற்றச் சொல்லி, அவர்களை எதிர்ப்பக்கம் வரிசையாக நிறுத்தினான். கேட்டதும் கையைத் தூக்க வேண்டும். இந்தப் பக்கம் வந்து, குளிர்ந்த சுண்ணாம்புச் சுவரில் வாயை வைத்து ஒரே ஒரு சொல் சொன்னான்.

"வணக்கம்."

யாரும் கையைத் தூக்கவில்லை. சுவரில் காதை ஒட்டியபடியே நின்றார்கள். அரை நிமிடம் ஆயிற்று. ஒன்றிரண்டு தலைகள் மெல்ல அசைந்தன, கதை கேட்கிறவர்கள் 'உம்' கொட்டுவதுபோல. பிறகு குழுவிலேயே வயதானவரான கணக்கு டீச்சர் சுவரிலிருந்து காதை எடுத்து, அந்தப் பெரிய வெற்று வட்டத்துக்கு அப்பாலிருந்து அவனை நிதானமாகப் பார்த்தார். விடைத்தாளில் காப்பியைக் கண்டுபிடித்துவிட்ட பார்வை.

இறங்கி வரும்போது அவனாகவே பக்கத்தில் போய், நன்றாகக் கேட்டதா என்று விசாரித்தான். கேட்டது என்றார். அந்த இன்னொருத்தருக்கு நல்ல குரல், எதையும் அவசரப்படாமல் விளக்குகிறார், அவர் எங்கே உட்கார்ந்து பேசுகிறார் என்று திருப்பிக் கேட்டார். இன்னொருத்தர் யாரும் இல்லை என்று அவன் சொன்னதும், மேலே எதுவும் கேட்காமல் படிகளில் கவனம் வைத்தார்.

அன்று மாலை பேருந்தில் அவன் மைக்கை அணைத்துவிட்டு முன் இருக்கையில் உட்கார்ந்தான். வழக்கமாக இந்த நேரத்தில் பாட்டும் கேலியுமாக இருக்கும். அன்று ஒரு சத்தம் இல்லை. டிரைவர்கூட, என்னப்பா எல்லாருக்கும் தொண்டை கட்டிக்கிச்சா என்று கேட்டார். அவன் திரும்பிப் பார்த்தான். சாய்ந்த வெளிச்சத்தில் எல்லோரும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு மார்பிலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவன் கழுத்திலிருந்த பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். அணைந்துதான் இருந்தது.

முன்பெல்லாம் ஒரு பேருந்துக்கு இரண்டு வழிகாட்டிகள். முன்னால் இவன், கடைசியில் அத்தான். காதுக்கருவி வந்தபிறகு வாலுக்கு ஓர் ஆள் தேவைப்படவில்லை. அடுத்த பருவத்திலிருந்து ஒருவர் போதும் என்று அலுவலகம் சொல்லிவிட்டது. அந்த ஒருவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அத்தான் பேச ஆரம்பித்தால் கல்தூணும் நின்று கேட்கும்.

ஏழு மாதத்துக்கு முன்னால் இருவரும் இதே பாதையில் சேர்ந்து போனதுதான் கடைசிப் பயணம். இருவர் கழுத்திலும் மைக், இருவர் காதிலும் வளையம். நான்காம் நாள் பார்க்கும் குடைவரைக் குகையில் ஒரு வழக்கம் உண்டு, ஒரு நிமிட இருட்டு. மலையைக் குடைந்தவர்கள் எந்த இருட்டில் வேலை செய்தார்கள் என்று காட்டுவதற்காக, பயணிகளின் காதுக்கருவிகளைக் கழற்றச் சொல்லிவிட்டு, வாசலருகே உள்ள சுவிட்சை அணைத்து, அறுபது வரை எண்ணுவார்கள். அன்று சுவிட்சருகே இவன். உள்ளே, பாறையில் வெட்டிய பழைய தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் அத்தான். தொட்டியின் வாய் ஓர் ஆள் அகலம்; உள்ளே பானைபோல விரிந்துகொண்டே போகும். கல்லைப் போட்டால் மூன்று எண்ணியபிறகுதான் சத்தம் வரும். படம் எடுக்க வந்த ஒருவருக்காக, சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைக் காலையில் அவிழ்த்தவன் இவன். திரும்பக் கட்ட மறந்தவனும் இவன்தான்.

இருபதாவது எண்ணில் அவன் காதில் அந்தக் குரல் வந்தது.

"மாப்ளே, கயிறு இல்லடா. வழுக்குது. லைட்டப் போடு."

மெதுவாகத்தான் சொன்னார். விருந்தாளிகள் முன்னால் கத்தக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். ஒருவர் பயந்தால் இருட்டில் நாற்பது பேரும் ஓடுவார்கள். முப்பதில் இன்னொரு தடவை கேட்டார். நாற்பதில், மூச்சு இரைக்க, "கைல பிடிச்சிட்டிருக்கேன்டா" என்றார். அவன் விரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தான். ஐம்பதுக்குமேல் காதில் எதுவும் இல்லை. தண்ணீர்ச் சத்தம்கூட மிகச் சிறியதாகத்தான் கேட்டது. அவன் அறுபதையும் முழுசாக எண்ணினான்.

அடியில் ஓடும் நீரோட்டம் உடலைக் கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் தேடலை நிறுத்தினார்கள். எதுவும் கேட்கலையே அக்கா, என்று இவன் அழுதான். அக்கா இவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். அதன்பிறகு அவன் காதில் வளையம் மாட்டவே இல்லை. அத்தானோடு அவர் மைக்கும் போய்விட்டது. அதன் மின்கலம் எட்டு மணி நேரம்தான் தாங்கும். ஏழு மாதம் தாங்காது. இதை அவன் மூன்றாவது ஊர் விடுதியில் நாலைந்து முறை தனக்கு விளக்கிக்கொண்டான்.

அங்கே அரண்மனையில் அவனிடம் யாரும் கேள்வி கேட்கவில்லை. அவன் இடப்பக்கத்து ஓவியத்தைக் காட்டியபோது எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஒரு புது மாப்பிள்ளை தன் மனைவியை அவன் அருகிலிருந்து மெதுவாக விலக்கி அழைத்துப் போனான். பேருந்தில் ஏறும்போது டீச்சர் அவனிடம் நின்றார்.

"உங்க அக்கா இன்னமும் அவர் சட்டையெல்லாம் துவைச்சு வெக்கிறாங்களாமே?"

அக்கா அப்படிச் செய்வது அவனுக்கு மட்டுமே தெரியும். அவன் இந்தக் குழுவில் யாரிடமும் அக்கா என்ற சொல்லைக்கூட உச்சரித்ததில்லை.

ஒரு வளையத்தை எடுத்துக் காதில் வைத்தால் தெரிந்துவிடும். அந்த ஒன்றை மட்டும் அவனால் செய்ய முடியவில்லை.

நான்காவது நாள், குகை. உடம்பு சரியில்லை என்று அலுவலகத்துக்குச் சொல்லலாம். சொன்னால் இந்தப் பாதை வேறு ஆளுக்குப் போகும். எதற்காக அந்த அறுபதை எண்ணினானோ அதுவே கையைவிட்டுப் போகும். அரை மணியில் முடித்துவிடலாம். இருட்டு வேண்டாம். விளக்கை அணைக்கவே வேண்டாம். தொட்டியைச் சுற்றி இப்போது இடுப்புயர இரும்புக் கம்பி வேலி, சிமெண்டில் பதித்தது.

கைபேசி வெளிச்சத்தில் ஓவியங்கள் வெளிறிவிடும் என்று காவலர்கள் அவற்றை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே உச்சி வெயில். பத்தடி உள்ளே வந்ததும் ஈரத் துணியைப் போர்த்தியது போன்ற குளிர். பாறையின் மணம், எண்ணெய்ப் புகையின் மிச்சம், எங்கோ ஒரு சொட்டு விழும் சத்தம், அது நின்று மறு சொட்டு விழும்வரை காத்திருக்கும் காது. பாதை இரண்டு முறை வளைந்ததும் வாசல் வெளிச்சம் அற்றுப்போயிற்று. தொட்டிக்கு அருகே வந்து, வேலியில் முதுகைச் சாய்த்து நின்றான். இரும்பு சில்லென்று முதுகில் பட்டது. அந்த உறுதி அவனுக்கு வேண்டியிருந்தது.

டீச்சர் முன்னால் வந்தார். மூட்டு வலியால் பேருந்திலேயே இருந்துவிட்ட தன் தங்கையின் காதுக்கருவியை நீட்டினார்.

"நீங்களும் போட்டுக்கோங்க. உங்களைப் பத்திதான் பேசறாரு."

இருபத்தொரு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியாமல் வாங்கினான். மாட்டினான். இரைச்சல். வெறும் இரைச்சல்தான். அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

விளக்குகள் அணைந்தன.

"யாரு அணைச்சது?" குரலை உயர்த்தினான். "விளையாடாதீங்க. இது ஆபத்தான இடம்."

இருட்டு கண்ணுக்குள் வந்து உட்கார்ந்தது. பின்னால் கையால் துழாவினான். இரும்பு இல்லை. இன்னும் கொஞ்சம் துழாவினான். விரலில் ஈரமான கயிற்று நுனி ஒன்று பட்டது. அவிழ்ந்து தொங்கும் கயிறு.

முன்னால் நகரக் காலைத் தூக்கினான். நின்ற கால் வழுக்கியது.

மார்பு பாறையில் மோதியது. கால்கள் வெற்றிடத்தில். இரண்டு கைகளும் விளிம்பைப் பற்றிக்கொண்டன. வழவழப்பான விளிம்பு. கீழேயிருந்து மேலே வரும் குளிர்.

காதில் இரைச்சல் நின்றது.

"ஒண்ணு," என்றது குரல். அவசரமில்லாத, நல்ல குரல். "ரெண்டு."

மேலே பச்சைப் புள்ளிகள் எரிந்தன. வட்டமாக. இருபத்தொன்று.

"லைட்டப் போடுங்க! விழப்போறேன்! டீச்சர்!"

அவன் கத்தல் குகையெங்கும் போய்த் திரும்பி வந்தது. புள்ளிகள் அசையவில்லை. தலைக்கு நேர் மேலே டீச்சரின் குரல், வகுப்பில் பேசுவதுபோல.

"இருங்க. ஒரு நிமிஷம் முடியட்டும்னு சொல்றாரு."

இருபது. முப்பது. கை எரிந்தது. நாற்பது. ஒரு நிமிடம்தானே. ஒரு நிமிடம் தாங்கலாம். அறுபது வந்ததும் போட்டுவிடுவார்கள். அவனும் போட்டானே. ஐம்பது. ஒரு விரல் விட்டது. ஐம்பத்தைந்து.

கணுக்காலை ஏதோ சுற்றியது. இழுக்கவில்லை. ஈரமான ஒரு கை, பிடித்துக்கொள்ள இடம் கிடைத்ததுபோல, சும்மா பிடித்துக்கொண்டது.

ஐம்பத்தெட்டு.

ஐம்பத்தொன்பது.

மேலே பச்சைப் புள்ளிகள் குனிந்தன. எல்லாம் ஒன்றாக. பார்ப்பதற்காக.

"ஐம்பத்தொன்பது," என்றது குரல், மிகப் பொறுமையாக. "ஐம்பத்தொன்பது. ஐம்பத்தொன்பது."