துட்டி வீட்டுச் செருப்பு

12.07.2025, சனி. இன்றைய தவறு: பரளச்சி துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது வேறு யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நாளைய வேலை: அக்காவை விமானம் ஏற்றிவிடுவது.

எழுதி முடித்துவிட்டு பிரின்ஸ் இன்னொரு முறை படித்துப் பார்த்தான். நாளுக்கு ஒரு தவறு, மறுநாளைக்கு ஒரு வேலை என்று எழுதிவைக்கும் பழக்கம் அருப்புக்கோட்டையில் மாலை நேரக் கணக்கு வகுப்பில் வந்தது. செருப்பு விஷயம் அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. இறந்துபோன வெள்ளத்துரை அவன் வேலை பார்க்கும், பருத்தி மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியின் காவல்காரர். சாவு வீட்டு வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில், தன்னுடையதைப் போலவே கறுப்பில் இரட்டை வார் வைத்த ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு, உடலை எடுப்பதற்கு முன்பே வகுப்புக்கு ஓடிவந்திருந்தான். வகுப்பு முடிந்து தன் ஊரான எம்.ரெட்டியபட்டியில் இறங்கி நடக்கும்போதுதான், குதிகால் பதிந்த பள்ளம் தன்னுடையது இல்லை என்று தெரிந்தது.

அக்கா ஈவா மதுரையில் நர்ஸ். கிடைத்த விடுப்பில் ஹனோய் நகரத்தைத் தனியாகப் பார்த்துவருவதென்று கிளம்பியிருந்தாள். அம்மா அற்புதமேரி இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தாள், பலிக்கவில்லை. தனிப் பயணம் பற்றித் தான் படித்ததையெல்லாம் பிரின்ஸ் அக்காவிடம் ஒப்பித்தான். டாக்ஸியில் ஏறும் முன் நம்பரைப் படம் எடுத்து அனுப்பு, தனியாக வந்திருக்கிறேன் என்று யாரிடமும் சொல்லாதே, கதவு தட்டினால் உடனே திறக்காதே.

அம்மா சேர்த்தது ஒன்றுதான். "வாசல்ல ஆம்பளச் செருப்பு கிடந்தா, எவனும் கதவத் தொட யோசிப்பான்." அப்பா உயிரோடு இருந்த காலத்தில், அவர் லாரியில் லோடு ஏற்றிப்போன இரவுகளை அவள் அப்படித்தான் கடத்தியிருந்தாள்.

பிரின்ஸ் அந்த மாறிய ஜோடியைக் கழுவிப் பையில் போட்டுக் கொடுத்தான்.

"ஏலே, அம்புட்டுத் தூரத்துக்கு உன் கால் நாத்தத்தையும் சுமக்கணுமா?" என்றாள் ஈவா.

அது தன்னுடையது இல்லை என்று அவன் சொல்லவில்லை.

முதல் நாள் அவள் அனுப்பிய படத்தில் ஓட்டல் நடைவழி, வெள்ளைத் தரை, மூடிய கதவு, அதன் முன்னால் ஊருக்குள் புதிதாக வந்தவனைப் போல ஒதுங்கிக் கிடக்கும் அந்தச் செருப்பு. மறுநாள் பேசும்போது ஒன்று சொன்னாள். வெளியே பார்த்து வைத்த செருப்பு, காலையில் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்ததாம். கூட்டுகிறவர்கள் நகர்த்தியிருப்பார்கள் என்றான் பிரின்ஸ். அவளும் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னாள்.

புதன்கிழமை காலை இன்னொரு படம் வந்தது. கிட்டங்கியில் பஞ்சுத் தூசி பறக்கும் மேசையருகே நின்று, அவன் அதை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தான். வெள்ளைத் தரையில், செருப்பிலிருந்து கதவு வரைக்கும், மழை கண்டு காய்ந்து வெடித்த கறுப்பு மண் கட்டி கட்டியாக உதிர்ந்து கிடந்தது. கரிசல். அவன் கழுவிக் கொடுத்த செருப்பு. அவள் சிமெண்டுத் தெருவைத் தவிர வேறெங்கும் நடக்காத ஊர்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் பரளச்சிக்குப் போனான். வெள்ளத்துரையின் மனைவி வெள்ளைத்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தவறு நடந்துவிட்டது, செருப்பைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவள் வெகுநேரம் அவன் கால்களையே பார்த்தாள்.

"அவுகளுதுன்னு நெனச்சு, குழியில கால்மாட்டுல வச்சு ஒரு ஜோடிய அனுப்பிட்டோமேய்யா," என்றாள். "வெறுங்காலோட அனுப்பக் கூடாதும்பாக. அது உன்னுதா?"

அவன் தலையாட்டினான்.

"அப்ப உன் செருப்பப் போட்டுக்கிட்டுல்ல போயிருக்காக. உன் தடத்துலல்ல நடப்பாக." குரலில் அழுகை இல்லை. "அவுகளுது எங்க இருக்குன்னு தெரிஞ்சா, அங்க வந்துருவாகய்யா."

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சீமைக்கருவேலங் காட்டுக்கு அப்பால் யாரோ கரிமூட்டம் போட்டிருந்தார்கள்; அந்தப் புகை தரையோடு தரையாக ஊர்ந்து வந்து, வண்டிக்குள் ஏறி, சட்டையிலும் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது. அக்காவின் எண்ணை அழுத்தி அழுத்திப் பார்த்தான். ஊர் வரும்வரை சிக்னல் இல்லை.

வீட்டில் அம்மா அடுப்படியில் இருந்தாள். அவளிடம் எதுவும் சொல்லாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மணி போனது. ஈவா எடுத்தாள்.

"அக்கா, அந்தச் செருப்பத் தூக்கித் தூரப் போட்டுரு."

"செருப்பக் காணோம்டா. வெளிய போயிட்டு இப்பத்தான் வந்தேன். யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க போல."

அவனுக்கு மூச்சு வந்தது. போய்விட்டது. வெள்ளத்துரை தன்னுடையதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்படித்தான் இருக்கவேண்டும். சுவரில் சாய்ந்து கண்ணை மூடினான்.

போனுக்குள் கதவு தட்டும் ஓசை கேட்டது. அவசரமில்லாத தட்டல். ராத்திரியில் காவல்காரர் கிட்டங்கிக் கதவின் பூட்டைத் தட்டிப் பார்ப்பது போல.

"திறக்காதக்கா."

"திறக்கலடா." அவள் குரல் இறங்கியிருந்தது.

அப்புறம் ஒரு குரல் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது; பதிவு செய்த தன் குரலைக் கேட்கும்போது வருகிற அதே கூச்சத்தோடு பிரின்ஸ் அதைக் கேட்டான்.

"அக்கா, நான்தான். பிரின்ஸ்."

ஈவா கதவுச் சங்கிலியை இழுத்து மாட்டுவது கேட்டது.

"ஏலே," என்றாள் போனில். "நீ எங்கருந்து பேசுற?"

"நம்ம வீட்லருந்துக்கா. சத்தியமா."

"அவன்கிட்டப் பேசாதக்கா," என்றது வெளிக்குரல். "அது நான் இல்ல."

போன் அவள் கையில் உரசும் சத்தம். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"என் எந்தக் காது கிழிஞ்சு தச்சது? சொல்லு. ரெண்டு பேரும் சொல்லுங்க."

தெரியும். அவனுக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்து பார்த்த முகம். தன் வலது கைப் பக்கம். அப்படியென்றால் அவளுக்கு? அவன் எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவன். சரிபார்த்தான்.

"வலது," என்றான். "இல்லக்கா. இடது. இடது."

"இடது," என்றது கதவு. "சின்னப் புள்ளையில நான் கம்மலப் புடிச்சு இழுத்தது."

"நீ யாரு?" என்று ஈவா கேட்டாள். போனில். அவனிடம்.

சங்கிலி கழலும் சத்தம். தாழ்ப்பாள். தொடர்பு அறுந்தது.

மறுபடி அழைத்தான். மணி போகவில்லை. மறுபடி. மறுபடி.

அடுப்படியில் அம்மா சிரித்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவளே வந்தாள், கையில் தன் போனோடு, எங்கோ இருக்கும் பிள்ளைகளை நினைத்துச் சிரித்த முகத்தோடு. அவனைப் பார்த்ததும் நின்றாள். போனைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

திரையை அவன் எட்டிப் பார்த்தான். ஓட்டல் கட்டிலில் ஈவா உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தாலும் முகத்தில் நிம்மதி. பக்கத்தில், அவள் தோளில் கை போட்டபடி, பிரின்ஸ். அவன் முகம், அவன் மீசை. தாடையிலிருந்து உச்சிவரை வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. நெற்றி நடுவில் ஒற்றை ரூபாய் நாணயம் ஒட்டியிருந்தது.

கீழே எழுதியிருந்தாள்: அம்மா, தம்பி இங்க வந்துட்டான். பல்வலியாம், கட்டுப் போட்டிருக்கான். நாளைக்கு ரெண்டு பேரும் வாரோம்.

"அம்மா," என்றான்.

அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள், வேற்று ஆள் முன்னால் செய்வதுபோல.

"யாரு தம்பி நீங்க?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். அடுப்படிக் கதவின் கொண்டி விழுந்தது.

அவன் நோட்டை எடுத்தான். இன்றைய தவறு என்ற இடத்தில் எதை எழுதுவதென்று தெரியவில்லை. விட்டுவிட்டான்.

16.07.2025, புதன். நாளைய வேலை: மதுரை விமான நிலையத்துக்குக் கார் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் இரண்டு பேர்.