விருந்துவழங்கி

அந்த வாரம் றெஜியின் அக்கா அவனுடைய அறைக் கதவைத் தட்டவேயில்லை. ஆனால் சாப்பாடு மட்டும் நாள் தவறாமல் மத்தியானம் மாடிப்படியின் உச்சியில், இன்னொரு தட்டால் மூடியபடி இருந்தது.

றெஜி அதை எடுத்துப்போய் அறைக்குள் வைத்துத் தின்றான். கப்பல் கொம்பனி வேலை போய் நான்கு வருடம். கொட்டாஞ்சேனையின் அந்த ஒடுங்கிய வீட்டில், கலியாணம் கட்டாத அக்காவின் உழைப்பில்தான் இருவரும் வாழ்ந்தார்கள். ஞாயிறு பூசைக்குப் போய் வந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியடியில் நின்று, ஆஸ்பத்திரிக்குக் கூட வரச்சொல்லிக் கேட்டாள். அவன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். மழை விடட்டும், நாளைக்குப் போவோம் என்றான். மறுநாள் இறங்கி அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் வெட்கம். கோபத்தில் இருக்கிறாள், தானாக ஆறுவாள் என்று சொல்லிக்கொண்டு வெளிப்படியாலேயே போய்வந்தான்.

வியாழன் பின்னேரம் பக்கத்து வீட்டு ரொஷேல் விஞ்ஞானப் பாடத்துக்கு வந்தாள். அவளுக்கு ஓ.எல். சோதனை நெருங்கியிருந்தது. மழை ஓயாமல் தகரத்தில் கொட்ட, சுவரில் ஈரம் ஊறி நிற்க, பாண் துண்டைப் பெட்டிக்குள் மறந்துவிட்டதுபோல் இனிப்பும் புளிப்புமான ஒரு மணம் உள்படி வழியாக மெல்ல மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தது.

ஒட்டுண்ணி உயிருள்ள உடலில் தங்கி, அது தேடிய உணவை உறிஞ்சும் என்று றெஜி விளக்கினான். அப்படி இடம்கொடுக்கும் உயிருக்குத்தான் விருந்துவழங்கி என்று பெயர். அழுகல்வளரி வேறு. அது செத்ததில் படரும். நொதியத்தை வெளியே சுரந்து, உடலைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சும்.

ரொஷேல் பேனாவை நிறுத்தினாள். "விருந்துவழங்கி செத்துப்போனா, ஒட்டுண்ணி என்ன செய்யும் சேர்?"

"அதுவும் சாகும்." கொஞ்சம் யோசித்தான். "சிலது சாகாது. செத்ததிலயும் இருந்து தின்னும்."

அவள் எழுதிக்கொண்டாள். போகும்போது, அன்ரி ஏன் திங்கள் தொடக்கம் வேலைக்குப் போகவில்லை என்று அம்மா கேட்டதாகச் சொன்னாள். காய்ச்சல் என்றான். பொய் சொன்னபோது காதுமடல் சுட்டது. அக்கா வேலைக்குப் போகாதது அவனுக்குத் தெரியாது.

அவள் போனபின் வெகுநேரம் உள்படியின் உச்சியில் நின்றான். பிறகு இறங்கினான். கைபிடியில் ஏதோ மென்மையாக, பஞ்சுபோல், விரலில் ஒட்டியது. துடைத்தான். மறுபடி ஒட்டியது.

"அக்கா?"

அவளுடைய அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் அவள் இல்லை. அவள் படுத்த இடம் இருந்தது. தலை, தோள், இடுப்பு. ஆள் வடிவில் நனைந்த கறை. அதன் ஓரமெல்லாம் வெள்ளை நூல். நூல் கட்டிலால் இறங்கி, நிலத்தில் பரவி, குசினிக்குள் போனது.

குசினியில் அகப்பை பானையில் உரசியது.

அவள் முதுகு தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. கால்கள் இல்லை, பாவாடைக்குக் கீழே வெள்ளையாய் ஏதோ நிலத்தோடு சேர்ந்திருந்தது. திரும்பினாள். முகத்தில் பாதிதான் மிச்சம். மற்றப் பாதி கரைந்து, பூத்து, மூச்சு விடுவதுபோல் அசைந்தது.

முன்கதவு நாலடி தூரம். தெருவில் பஸ் ஹோன் கேட்டது. ஓடலாம்.

அவள் மேசையில் தட்டை வைத்தாள். சோறு, பருப்பு, அவித்த முட்டை. அதைப் பிளந்தாள். எப்போதும்போல் பெரிய பாதியை அவன் பக்கம் தள்ளினாள். முட்டையோடு அவளுடைய விரலும் சோற்றில் தங்கியது.

அவனுக்குப் பசித்தது. அதுதான் வெட்கம்.

றெஜி கதிரையை இழுத்து உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல் பிசையத் தொடங்கினான்.