அட்டைக்குள் ஓர் ஆணை

காவிரியின் மேல் அந்திச் சிவப்புப் படர்ந்து, அக்கரைத் தென்னஞ்சோலை மெல்லக் கருத்துக்கொண்டிருந்த வேளையில், கொடிமலைக் கோட்டையின் ஆற்றங்கரை மண்டபத்தில் ஒரு வீரனுக்குத் தண்டனை சொல்வதற்காக, பாளையத்தின் அதிபதி முன்னிலையில் அவை கூடியிருந்தது. தூணில் கட்டப்பட்டு நின்றவன் வடக்கு வாயில் காவல் தலைவன் செவ்வந்தியப்பன். மூன்று நாட்களுக்கு முன், முற்றுகையின் கடைசி இரவில், அவன் வாயிற்காவலை விலக்கினான். உள்ளே புகுந்த பகைவர்கள் கோட்டை வீரர் பதினொரு பேரை வெட்டிச் சாய்த்த பிறகே துரத்தப்பட்டார்கள். முத்திரையிட்ட காகிதம் ஒன்றைப் படித்துவிட்டுத்தான் அவன் அப்படிச் செய்தான் என்று வீரர்கள் சாட்சி சொன்னார்கள். காகிதம் எங்கே என்று கேட்டால் அவன் வாயைத் திறக்கவில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, அது இருக்குமிடம் அந்த அவையில் ஒருத்திக்குத் தெரியும். அரண்மனை நூல்களைத் தைத்து அட்டை கட்டும் குங்குமவல்லிதான் அவள். கழித்துப்போட்ட காகிதங்களைப் புளியங்கொட்டைப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, கல்லேற்றிக் காயவைத்து, கிழிந்த பல்லக்குத் திரையின் பட்டுத்துணியை அதன்மேல் அவள் போர்த்திவிட்டால், பழசு என்று எந்தக் கெட்டிக்காரன் கண்டுபிடிப்பான்? கழிவுக் கூடையில் முத்திரை தென்பட்டால் பிரதானியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவளுக்கு இட்ட கட்டளை. ஆனால் கோயிலுக்குக் காணிக்கையாகப் போகும் தலபுராணத்தின் அட்டைக்கு ஓர் அடுக்குக் குறைந்தது. அவசரத்தில், கூடையில் கிடந்த முத்திரைக் காகிதம் ஒன்றைப் படிக்காமலே ஒட்டிவிட்டாள். பிறகு, தன் காதலன் செவ்வந்தியப்பனின் உயிர் ஊசலாடுவது தெரிந்தும், வேலை போய்விடும் என்று பயந்து மூன்று நாள் வாய்மூடி இருந்தாள். அந்த வெட்கம் அவளைத் தின்றுகொண்டிருந்தது. தின்னட்டும், அவளுக்காகப் பரிந்து பேச நமக்கும் மனம் வரவில்லை.

பிரதானி திருமேனிநாதர் தண்டனையை வாசிக்க எழுந்தபோது, அவள் நூலை மார்போடு அணைத்தபடி முன்னே வந்தாள்.

"பிரபு, அந்தக் காகிதம் இந்த அட்டைக்குள் இருக்கிறது. தெரிந்தே மறைத்தேன். ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல நா கூசுகிறது."

செவ்வந்தியப்பன் அன்றுதான் முதல்முறையாகப் பேசினான். "வல்லி, வேண்டாம். அதை உன் கூடையில் போட்டவனே நான்தான். உன் பசைக்குள் போனது இனி வெளியே வராது என்று நம்பிப் போட்டேன். அப்படியே விட்டுவிடு."

"உங்கள் உயிரைவிடப் பெரிதாக அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டாள்.

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. வெந்நீர் தருவித்து, அதில் துணியை நனைத்து அட்டையின் மேல் பரப்பினாள். பசை இளகியதும், இடுப்பில் செருகியிருந்த எலும்புக் கத்தியின் மழுங்கிய முனையை நுழைத்து ஒவ்வோர் அடுக்காகப் பிரித்தாள். ஏழாவது அடுக்கில் முத்திரை தெரிந்தது. குனிந்து பார்த்த பிரதானியின் முகம் வெளிறிப்போயிற்று. அவர் அதை எடுக்கவும் துணியாமல் கைகட்டி நின்றார்.

பாளையத்தின் அதிபதி ரங்கப்ப நாயக்கர் ஆசனத்தை விட்டு எழுந்தார்.

"படிக்க வேண்டாம், பிரதானியாரே. வடக்குத் துறையில் படகு நிற்கிறது, காவலை விலக்கு என்று அதில் இருக்கும். கோட்டை விழுந்துவிடும் என்று பயந்து, உங்களையெல்லாம் விட்டுவிட்டு ஓட நினைத்தவன் எழுதியது. எழுதியவன் நான். என் மானத்துக்காக இவன் தலையைக் கொடுக்கிறான் என்று தெரிந்தும் இத்தனை நேரம் இங்கே உட்கார்ந்திருந்தேன்."