வாசலில் இல்லாத மரம்

கறுக்... என்று ஒரு சத்தம்.

அவ்வளவுதான். மூன்று வருஷமாக அவள் மூக்கின் மேல் குடியிருந்த கண்ணாடி, பேருந்து நிறுத்தத்தின் ஈரத் தரையில், முன்பின் தெரியாத ஒருத்தனின் செருப்புக்கடியில் உயிரை விட்டது. மழைக்கு ஒதுங்க ஓடி வந்தவன் அவள் தோளில் இடித்தான். கண்ணாடி நழுவியது. அதைத் தேடுகிறேன் பேர்வழி என்று அவனே அதை மிதித்தும் வைத்தான்!

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று சீறினாள்.

"எனக்கு நல்லா தெரியுதுங்க. இப்ப உங்களுக்குத்தான்..." என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சிடுங்க. என் தப்புதான். இங்கிருந்து நாலாவது கடை என்னோடது. வாங்க, புதுசா போட்டுத் தர்றேன்."

"என்ன கடை?"

"கண்ணாடிக் கடை..."

கோபத்தையும் மீறி அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடேங்கப்பா! இப்படித்தான் ஆள் பிடிக்கிறீங்களா? மழைக்காலத்துல வியாபாரம் அமோகமா இருக்குமே!"

எத்தனையோ வருஷம் கழித்தும், அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் அவளுக்கு முதலில் ஞாபகம் வருவது அவன் முகம் இல்லை. முகம் எங்கே தெரிந்தது? மங்கலாய் ஒரு நீலச் சட்டை... நனைந்த தலை... "படி இருக்கு, பார்த்து... இங்க தண்ணி நிக்குது, இந்தப் பக்கமா..." என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்த ஒரு குரல். அந்தக் குரலைத்தான் அவளுக்கு முதலில் பிடித்தது.

கடை சின்னது. அவளை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டினான். ஒவ்வொரு லென்ஸாகப் போட்டான்.

"இது தெளிவா இருக்கா... இல்ல, இதுவா?"

"முதல்ல போட்டது."

"இப்ப?"

லென்ஸ் மாற மாற அவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்தான். முதலில் புருவம். அப்புறம் தாடையில் ஒரு பழைய தழும்பு. கடைசியில் கண்கள்... பெரிய கண்கள், கொஞ்சம் தூக்கம் கெட்ட கண்கள், யாரோ வரப்போகிறார்கள் என்று காத்துக்கொண்டே இருக்கிற கண்கள்.

"எழுத்தைப் படிக்கச் சொன்னா என்னையே பாக்கறீங்க?"

"எழுத்துக்கு முன்னால நீங்கதானே மலை மாதிரி நிக்கறீங்க!"

அவன் அசடு வழிய விலகினான். எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில், சுவரில் சட்டம் போட்டு ஒரு தாள் மாட்டியிருந்தது. அவள் அதையும் படித்தாள். மூக்கிலிருந்த சட்டத்தைச் சரி செய்துகொண்டு மறுபடியும் படித்தாள்.

'நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது இந்தக் கடைப் பெரியவர்தான் எனக்கு முதல் கண்ணாடி மாட்டினார். கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போய், அந்த மரத்துல எத்தனை இலைன்னு எண்ணு பாப்பா என்றார். இலைகள் தனித்தனியாக இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மனசார நன்றி. இப்படிக்கு, ஒரு பழைய வாடிக்கையாளர்.'

அது அவள் எழுதியது!

வெப்சைட் செய்து கொடுக்கும் ஆபீசில் அவளுக்கு வேலை. 'வாடிக்கையாளர்கள் என்ன சொல்கிறார்கள்' என்ற பகுதி அவள் பொறுப்பு. வாடிக்கையாளர் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவளேதான் சொல்லிக்கொள்ள வேண்டும். மெத்தைக் கடையா, மெத்தையில் புரண்டு பூரித்துப்போன ஐந்து பேர். பல் டாக்டரா, வலியே தெரியாத ஆறு பேர். ஆபீசில் அவளுக்கு 'ரிவ்யூ ராணி' என்றே பெயர். அவளும் அதைப் பெருமையாகத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கடைக்கும் அப்படித்தான் ஐந்து எழுதினாள். கடையைப் பார்த்ததுகூட இல்லை. நாலு பேர் வழக்கம்போல வந்துவிட்டார்கள். ஐந்தாவதுக்கு ஒன்றும் தோன்றாமல், தன் சொந்தக் கதையையே எடுத்துப் போட்டுவிட்டாள். அது நிஜமாக நடந்ததுதான்... ஆனால் வேறு ஊரில், வேறு கடையில், பெயர்கூடத் தெரியாத வேறொரு பெரியவரிடம்.

"அதையே பாக்கறீங்க..." என்றான் அவன், துணியால் லென்ஸைத் துடைத்தபடி. "எழுதினது யாருன்னு தெரியல. அதுல வர்ற பெரியவர் எங்க அப்பா. நான் அவர் சிரிச்சுப் பார்த்ததே இல்லைங்க. எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுவார். ஒரு நாள் பெரிய சண்டை, வெளியூர் போயிட்டேன். ஏழு வருஷம் பேசல. அவர் போன அப்புறம் கடையை மூடிடலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள அக்கா வெப்சைட் பண்ணி வச்சிருந்தா. இதைப் படிச்சேன்... எனக்குக் காட்டாத முகத்தை ஏதோ ஒரு குழந்தைக்காவது காட்டியிருக்காரேன்னு இருந்துச்சு. அவர் மேல இருந்த கோபமெல்லாம் அன்னிக்குத்தான் போச்சு."

அவள் வாசலைப் பார்த்தாள். "மரம்... எங்க?"

"அதான் எனக்கும் புரியல! நான் சின்னப் பையனா இருந்தப்பவும் பார்த்த ஞாபகம் இல்ல. அதுக்கும் முன்னாடி ரோடு போட வெட்டியிருப்பாங்க. பக்கத்துச் செருப்புக் கடைக்காரரைக் கேட்டேன். 'ஆமா ஆமா, பெரிய மரம்'னார்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாழாய்ப்போன வாய், வேண்டாத நேரத்தில் அவ்வளவு பேசும், வேண்டிய நேரத்தில் பூட்டிக்கொள்ளும்.

புதுக் கண்ணாடி இரண்டு நாளில் வந்தது. அதற்கப்புறமும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு அவள் போனாள். ஒரு மாசம் போனதே தெரியவில்லை. ஒரு நாள் அவள் கண் முன்னாலேயே, ஒரு சின்னப் பெண்ணுக்குக் கண்ணாடி மாட்டி வாசலுக்குக் கூட்டிப்போனான். "எதிர் மாடி ஜன்னல்ல எத்தனை கம்பி? எண்ணு பாப்பா!" அந்தக் குழந்தை வாயைப் பிளந்துகொண்டு எண்ணியது. அவன் பெருமையோடு அவளைத் திரும்பிப் பார்த்தான். "அப்பா செஞ்சதை நானும் செய்யறேன்..."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

"உங்க ஆபீஸ்லதான் வெப்சைட் பண்ணாங்களாமே, அக்கா சொன்னா," என்றான் அடுத்த முறை. "அந்தம்மா யாருன்னு விசாரிச்சுச் சொல்றீங்களா? நேர்ல பார்த்து ஒரு வார்த்தை நன்றி சொல்லணும்."

இனி எப்படி மறைப்பது? சொல்லிவிட்டாள். மெத்தைக் கடையிலிருந்து ஆரம்பித்து, இல்லாத மரம் வரைக்கும், ஒன்று விடாமல்.

கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைத்தான்.

"அப்ப... எங்க அப்பா அப்படி இல்லையா?"

அவள் சட்டத்தை நிமிர்த்தக் கை நீட்டினாள்.

"நீங்க போங்க," என்றான், முகத்தைப் பார்க்காமல்.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன்னால் அவனுக்கு அப்பா இன்னொரு முறை செத்துப்போனாரே என்று மனசு அடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அந்தத் தெருவில் இறங்கினாள். கண்ணாடி போட்டிருந்த ஒருத்தரையும் விடவில்லை. நாலு நாள் நடந்து அலைந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, வாடிக்கையாளர்கள் நிஜமாகவே என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள்.

அதற்கு மறுநாள் கடைக்குள் போய், உட்காராமலே நோட்டைப் பிரித்தாள்.

"வாசிச்சிட்டுப் போயிடறேன். கேளுங்க. செருப்புக் கடைக்காரர்: 'சரியான சிடுமூஞ்சி. காலையில வணக்கம் சொன்னா, அதுக்கென்ன இப்பன்னு கேப்பார். மரமா? ஒரு மரமும் இல்லம்மா. பையன் ஆசையா கேட்டானேன்னு ஆமான்னேன்.'"

அவன் நிமிர்ந்தான்.

"தையல்காரம்மா: 'புடவைத் தலைப்புல கண்ணாடியைத் துடைச்சதுக்கு அப்படி ஒரு திட்டு. என் வீட்டுக்காரர்கூட அப்படித் திட்டினதில்ல. ஆனா பன்னெண்டு வருஷமா அதே கண்ணாடிதான் போட்டிருக்கேன்.'"

அவன் உதட்டோரம் துடித்தது.

"ரிட்டையர்டான பஸ் டிரைவர்..." அவள் பக்கத்தைத் திருப்பினாள். "'மகன் எங்கன்னு கேட்டேன். உனக்கெதுக்குன்னு கத்தினார். அப்புறம் என் காதுல கண்ணாடிக் கம்பியைச் சரி பண்ணிக்கிட்டே, தானா சொன்னார். அவனுக்குக் கை நிதானம், என்னைவிட நல்லா பண்ணுவான்னு. திரும்பக் கேட்டேன். ஒரு தடவைதான் சொல்லுவேன், போய்யான்னுட்டார்.'"

அவன் சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் முட்டி வழிந்தது. "இதுதான்... இதுதாங்க எங்க அப்பா! வேற யாருக்கும் இப்படிப் பேச வராது..." என்று இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அவள் நோட்டை மூடினாள். அழுது தீர்க்கட்டும் என்று இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மூணையும் வெப்சைட்ல போடுங்க," என்றான்.

"ஒரு எழுத்துகூட மாத்தலீங்க. இதைப் போட்டா கடைக்கு ஒரு ஈ காக்கா வராது!"

"வர்றவங்க வரட்டும். பொய் வேணாம்."

அவள் நோட்டை மேஜையில் வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

"ஏங்க..."

நின்றாள்.

"தெருவே சொல்லியாச்சு. நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"நான் எழுதினா நம்புவீங்களா?"

"எழுதினா நம்ப மாட்டேன். சொல்லுங்க."

ஆயிரம் பேர் வாயில் வார்த்தையைப் போட்டவளுக்குத் தனக்கென்று ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. காது சிவந்தது. புடவை முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. அலங்காரமா சொல்லத் தெரியல. அவ்வளவுதான்..."

அவன் மெதுவாக அவள் பக்கத்தில் வந்தான். ஈரம் காயாத அந்தப் பெரிய கண்களில் இப்போது காத்திருப்பு இல்லை.

"இதை 'ஒரு வாடிக்கையாளர்'னு மொட்டையா போட முடியாதுங்க. பேரோட போடலாமா?"

"போடுங்க..." என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டே. "பக்கத்துல உங்க பேரையும் சேர்த்துப் போடுங்க."