விளக்கு வைத்த பின் விஷம்

1

டெலிபோன் மணி அலறியது!

விழுப்புரம் மல்லாட்டை மண்டி. ஊர்ப் பேச்சில் மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. காலை ஏழே முக்கால். ஏலம் தொடங்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ரிசீவரை எடுத்த மண்டி குமாஸ்தாவின் முகம் சட்டென்று வெளுத்தது.

"தரகரே, உங்களுக்குத்தான். திண்டிவனம் போலீஸ் ஸ்டேஷன்..."

ஜீவேந்திரன் கையிலிருந்த மல்லாட்டையை உடைத்தான். பருப்பை வாயில் போட்டு மென்றபடியே நிதானமாக வந்தான். முப்பத்தெட்டு வயது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. ஒரு பொத்தான்கூடக் குறையாது.

"யாரு பேசறது?"

"எஸ்.ஐ. விருத்தாசலம். உங்க சம்சாரம் தவறிட்டாங்க. உடனே புறப்பட்டு வாங்க."

அவ்வளவுதான். எப்படி, எங்கே, எப்போது... எதையும் அவர் சொல்லவில்லை.

ஜீவேந்திரனும் கேட்கவில்லை!

அவன் கேட்டது வேறு.

"லெட்டர் ஏதாச்சும் எழுதி வெச்சிருக்காளா சார்?"



"தேடிக்கினு இருக்கோம்."

லைன் அறுந்தது. ஜீவேந்திரன் ரிசீவரை வைத்தான். வாயிலிருந்த பருப்பை விழுங்கினான். அப்புறம்தான் அழுதான்.

நன்றாகவே அழுதான்! மூட்டை தூக்குகிறவர்கள் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார்கள். யாரோ சோடா உடைத்தார்கள். யாரோ டாக்ஸி பிடித்தார்கள்.

டாக்ஸி விழுப்புரத்தைத் தாண்டியதும் கண்ணீர் நின்றது.

நேற்றுத்தான் எண்ணெய் மில் முதலாளி ஒருவர் தன் மகளை அவனுக்குத் தர வாய்விட்டுச் சம்மதித்திருந்தார். அதற்கு ஒரே ஒரு தடை. 1963-ல், முதல் சம்சாரம் உயிரோடு இருக்கும்போது இரண்டாம் கல்யாணம் செய்தால் மாலை கழுத்துக்கு வராது. விலங்கு கைக்கு வரும்.

தடை நீங்கிவிட்டது.

ஜீவேந்திரன் சட்டையின் உள்பையைத் தொட்டுப் பார்த்தான். காகிதம் மொறமொறத்தது.

2

கடியாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் திருப்பலாம்.

காலை ஆறேகால். திண்டிவனம் போலீஸ் ஸ்டேஷன். ஒரு பெண் கையில் முறத்தோடு படியேறினாள். முறத்தின் மேல் ஒரு ஈரத் துணி.

"சார், நான் கொலை பண்ணிட்டேன்," என்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் விருத்தாசலம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவள் துணியை விலக்கினாள்.

ஐந்து காகங்கள். கால்கள் விறைத்து, அலகு திறந்து...

கான்ஸ்டபிள் ராயப்பன் சிரித்துவிட்டான். விருத்தாசலத்துக்கும் சிரிப்பு வந்தது. காக்காய்க்கெல்லாம் கேஸ் எழுதுகிற ஸ்டேஷன் இது இல்லையம்மா என்று சொல்லவும் வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவள் பெயர் சாந்திமதி. செஞ்சிப் பக்கத்து நயினார் வீட்டுப் பெண், தமிழ்ச் சமணக் குடும்பம். எறும்பை மிதித்தாலே பாவம் என்று வளர்ந்தவள். என் கையால் போட்ட சோறு சார், அஞ்சு உயிர் சார் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

"என்ன சோறு?" என்று விருத்தாசலம் கேட்டார்.

ராத்திரி மிஞ்சிய சோறும் கூட்டும் என்றாள். யாருக்காக வைத்த சோறு? எனக்காக என்றாள். யார் வைத்தது? ஆக்கியது அவள்தான். ஆனால் புருஷன் சாப்பிட்டு எழுந்ததும், என்றைக்கும் அடுப்படிக்குள் கால் வைக்காதவன், தண்ணீர் குடிக்க உள்ளே போனான். திரும்பி வந்து, மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் வழித்துத் தின்றுவிட்டுப் படு என்று சொல்லிவிட்டு விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான்.

விருத்தாசலம் இப்போது சிரிக்கவில்லை.

"அப்புறம் ஏம்மா நீ சாப்பிடல?"

அங்கேதான் இருந்தது அவள் உயிர்!

நயினார் வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுக் கை கழுவிவிடுவார்கள். விளக்கு வைத்த பின் ஒரு கவளம்கூட வாயில் வைக்கமாட்டார்கள். அவளும் அப்படித்தான் இருந்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் ஜீவேந்திரன் அதை உடைத்தான். அவனும் நயினார்தான். ஆனால் ஊர் ஊராகப் போய் ஓட்டலில் ராத்திரி இட்லி தின்று பழகியவன். புருஷன் சாப்பிடும் முன் சாப்பிடுகிறவள் பொண்டாட்டியா என்று முதல் மாதமே தட்டைத் தூக்கி எறிந்தான். அவன் எந்த நேரத்துக்கு வந்தாலும் அவன் தின்ற தட்டில்தான் அவள் தின்ன வேண்டும்.

பதினோரு வருஷம் தின்றாள்.

அடியும் தின்றாள். அடித்துவிட்டு அவனே அழுவான். அவள் மடியில் தலை வைத்து விம்முவான். வீங்கிய கையாலேயே அவன் கண்ணைத் துடைப்பாள். அப்புறம் இரண்டு நாள் பேசமாட்டான். அவளுக்கு மூச்சு முட்டும். தப்பு என்னுடையது என்று கடிதம் எழுதிக் கொடுத்தால்தான் பேசுவான். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். வாங்கி மடித்து வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசுவான். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

நாலு மாதத்துக்கு முன் அவன் ஒரு வாரம் விழுப்புரத்திலேயே தங்கிவிட்டான். ஒருநாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, ஜன்னலில் வெயில் இருக்கும்போதே, தனக்கென்று ஒரு தட்டு எடுத்துப் போட்டுச் சாப்பிட்டாள்.

வானம் இடிந்து விழவில்லை!

அன்றிலிருந்து தினமும் பொழுதோடு சாப்பிட்டாள். அவன் இருக்கும் ராத்திரிகளில் பேருக்குத் தட்டை எடுத்துப்போய் அடுப்படியில் மூடி வைப்பாள். விடிந்ததும் மதில் மேல் காகங்களுக்கு. அவளிடம் தனக்குத் தெரியாமல் ஒன்று உண்டு என்பதே ஜீவேந்திரனுக்குத் தெரியாது.

"உன் புருஷன் உன்னைக் கொல்லப் பாத்திருக்கான்மா," என்றார் விருத்தாசலம்.

"இல்லீங்க. பல்லி விழுந்திருக்கும்."

"பல்லியா?"

"அவரு கோவக்காரர்தான். ஆனா என்னை விட்டா அவருக்கும் யாரும் இல்லீங்க. என்னாண்ட அழுதிருக்காரு."

விருத்தாசலம் இருபது வருஷ சர்வீஸ்காரர். கத்திக் குத்தை விட ஆழமான காயம் எது என்று அவருக்குத் தெரியும்.

அவர் ஒரு பந்தயம் கட்டினார். நீ செத்துப்போனதாக மட்டும் போனில் சொல்வேன், வேறு ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், அவன் என்ன கேட்கிறான் பார் என்றார். அவள் சம்மதித்தாள். எதற்குத் தெரியுமா? புருஷன் நிரபராதி என்று காட்ட!

போன் பேசி முடித்து அவன் கேட்டதை அவர் சொன்னபோதும் அவள் தலையாட்டினாள். கடிதம் எழுதுவது எங்கள் வழக்கம், அதனால் கேட்டிருப்பார் என்றாள்.

"சரி. வீட்டுக்கு வரட்டும். நீ அடுப்படிக் கதவுக்குப் பின்னால நில்லு. நான் ரெண்டு தடவை இருமினா வெளியில வா. அதுக்கு முன்னாடி வந்தா எல்லாம் போச்சு. அவன் அழுவான். நீ ஓடுவே. நாளைக்கு வேற ஒரு கூட்டு. என் கையில இருக்கறது அஞ்சு காக்கா. காக்கா வந்து கம்ப்ளெய்ன்ட்ல கையெழுத்துப் போடாதும்மா."

3

காலை ஒன்பதரை. டாக்ஸி வாசலில் கிறீச்சிட்டது.

கூடத்தில் பாய். பாயின் மேல் நீளமாக, வெள்ளை வேட்டி போர்த்தி... தலைமாட்டில் விளக்கு. வாசலில் ராயப்பன் அக்கம்பக்கத்தாரை விரட்டிக்கொண்டிருந்தான்.

ஜீவேந்திரன் உள்ளே பாய்ந்தான். இரண்டு முழம் தள்ளியே நின்றுவிட்டான். அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்தான்.

"சாந்தி... என்னை விட்டுட்டுப் போயிட்டியே சாந்தி!"

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சாந்திமதி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதே அழுகை! அவள் மடியை நனைத்த அதே விம்மல். அவள் கை தானாகவே தாழ்ப்பாளுக்குப் போனது. ஒரு இழுப்பு. அவ்வளவுதான். திறந்துகொண்டு ஓடினால் அவன் கண்ணைத் துடைக்கலாம். அவன் மறுபடியும் பேசுவான்...

"மொகத்தைப் பாக்கறீங்களா?" என்று விருத்தாசலம் கேட்பது காதில் விழுந்தது.

"வேணாங்க. அந்த மொகத்தைப் பாக்கற தெம்பு எனக்கு இல்ல. பாவி, ராத்திரி சோத்துல கலந்து தின்னுட்டாளே."

"சோத்துலன்னு நான் சொல்லலியே?"

"வேற எதுல சார்? தூக்குப் போட்ட மாதிரி தெரியலியே."

ஆசாமி கெட்டிக்காரன்தான். விருத்தாசலம் மீசையைத் தடவினார்.

"நயினார் வீட்டுல ராத்திரி சோறு உண்டா?"

"நான் தின்ன தட்டுலதான் தின்னுவா சார். பதினோரு வருஷமா பழக்கி வெச்சிருக்கேன்."

"மாட்டைப் பழக்கற மாதிரி?"

அவன் எழுந்தான். சுவரில் தொங்கிய முகக்கண்ணாடியைக் காட்டினான். எதையும் அவள் அதற்குப் பின்னால்தான் செருகுவாள், பார்த்தீர்களா என்றான். அவர் வாயைத் திறக்கும் முன் அவனே போனான். முதுகைக் காட்டியபடி கையை விட்டான்.

காகிதம் வந்தது!

குரல் தழுதழுக்கப் படித்தான்.

"நான் ஒன்றுக்கும் உதவாதவள். உங்களுக்குப் பாரமாகிவிட்டேன். இனி உங்களுக்குத் தொல்லை தரமாட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்..."

கதவுக்குப் பின்னால் சாந்திமதியின் உதடுகளும் கூடவே அசைந்தன. ஒரு எழுத்துப் பிசகவில்லை.

அது ஆடி மாதக் கடிதம். அவன் சட்டையில் ஒரு பொத்தான் தைக்க மறந்ததற்காக எழுதிக் கொடுத்தது. நீ எழுதியதையெல்லாம் தோல்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறான். ஆசையில் வைத்திருக்கிறான் என்று நினைத்து அன்றைக்கெல்லாம் அவள் பூரித்துப் போயிருந்தாள்.

இதற்காகத்தான் வைத்திருந்தானா?

தாழ்ப்பாளிலிருந்து கை இறங்கியது.

கூடத்தில் விருத்தாசலம் இருமினார். கதவு திறக்கவில்லை. இன்னொரு தடவை இருமினார். திறக்கவில்லை! ஓடிவிட்டாளா? மயங்கி விழுந்தாளா? மூன்றாவது தடவை தொண்டை கிழிய இருமினார்.

"தண்ணி வேணுங்களா சார்?" என்றான் ராயப்பன்.

கதவு திறந்தது.

சாந்திமதி வந்தாள். கையில் முறம். நேராக வந்து ஜீவேந்திரனின் காலடியில் வைத்தாள். துணியை விலக்கினாள்.

அவன் பின்னால் துள்ளினான். தலை மோதிக் கண்ணாடி விரிசல் விட்டது. பாயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடியும் பாயைப் பார்த்தான்...

"எட்டு மணிக்கு அந்தக் கண்ணாடிக்குப் பின்னால நான் கையை விட்டேன்," என்றார் விருத்தாசலம். "ஒட்டடையும் ரெண்டு ஹேர்பின்னும்தான் இருந்துச்சு."

மூன்று விநாடி. அதற்குள் ஜீவேந்திரன் தேறிவிட்டான். இவளுக்குச் சித்தம் சரியில்லை, இவளே விஷத்தை வைத்துவிட்டு நாடகம் ஆடுகிறாள், கடிதம் இவள் கையெழுத்துதானே என்றான். அப்புறம் அவளிடம் திரும்பினான். குரல் இறங்கியது. அந்தக் குரல் அவளுக்குத் தெரியும்.

"சாந்தி. பேப்பர் எடு. உக்காரு. நான் சொல்றதை எழுது."

அவள் உட்கார்ந்தாள்!

"அம்மா..." என்றார் விருத்தாசலம்.

அவள் அவரிடம் கை நீட்டினாள். பேனா கேட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார். கொடுத்தார்.

"எழுது. புத்தி கெட்டுப்போயி சோத்துல நானேதான் மருந்து கலந்தேன். என் புருஷனுக்கு ஒண்ணும் தெரியாது. எழுதினியா? கையெழுத்துப் போடு."

பேனா ஓடியது. நிற்காமல் ஓடியது. ஜீவேந்திரனின் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. காகிதத்துக்காகக் கையை நீட்டினான்.

அவள் அதை விருத்தாசலத்திடம் கொடுத்தாள்.

அவர் உரக்கப் படித்தார்.

"திண்டிவனம் சப்-இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு. நேற்று என் புருஷன் ஜீவேந்திரன் வைத்த விஷத்தில் ஐந்து உயிர் போயிற்று. ஆறாவதாக அவர் குறித்தது என்னை. இப்போது அவர் எடுத்த கடிதம் ஒரு சட்டைப் பொத்தானுக்காக எழுதியது. இதே வாசகத்தில் இன்னும் நாற்பது கடிதம் அவருடைய தோல்பெட்டியில் இருக்கும். எடுத்துப் படிக்கவும். சாந்திமதி."

"நாப்பதா?" என்றான் ராயப்பன். "ஒரு ஆளு நாப்பது தடவை சாவ முடியுமா சார்?"

"இவன்கூட இருந்தா முடியும்."

ஜீவேந்திரன் அவள் மேல் பாய்ந்தான். ராயப்பன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். விலங்கு கிளிக் என்றது. அதோடு கோபம் போய் அழுகை வந்தது. இந்தத் தடவை நிஜ அழுகை.

"சாந்தி, வேணாம். நான் இல்லாம நீ எப்படி இருப்பே? என்னை விட்டா உனக்கு எவன் சோறு போடுவான்?"

அவளுக்கும் கண் கலங்கியது. பதினோரு வருஷம் ஒரு நாளில் உதிர்ந்துவிடுமா என்ன? ஆனால் அவள் கை அவன் கண்ணைத் துடைக்கப் போகவில்லை. குனிந்து முறத்தை எடுத்தது. கொல்லையில் குழி தோண்டலாமா, ஐந்தும் வேண்டுமா என்று விருத்தாசலத்திடம் கேட்டாள். ஒன்று டாக்டர் பரிசோதனைக்கு வேண்டும், மற்றதைப் புதைக்கலாம் என்றார்.

அப்புறம்தான் அவள் புருஷனைப் பார்த்தாள்.

"நான் பொழுதோட சாப்பிட்டுக்கறேன்," என்றாள். "நீங்க எனக்காகக் காத்துக்கினு இருக்க வேணாம்."

ஜீவேந்திரனை வெளியே தள்ளிக்கொண்டு போகும்போது அவன் கால் பாயில் இடறியது. வேட்டி விலகியது.

உள்ளே ஒரு மூட்டை. பக்கத்து மளிகைக் கடையில் இரவல் வாங்கிய மல்லாட்டை மூட்டை!

ராயப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். விருத்தாசலம் சிரிக்கவில்லை. ஜீவேந்திரனின் தோளில் தட்டினார்.

"விலை எறங்கினா மல்லாட்டைக்காக அழற தரகனைப் பாத்திருக்கேன். மல்லாட்டையைப் பொண்டாட்டின்னு நெனச்சு அழற தரகனை இப்பதான்யா பாக்கறேன்!"