தூணுக்குள் ஒரு ஷூ

இந்தத் தூணுக்குள் ஒரு ஆள் நுழையவே முடியாது...

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒன்பது அங்குலத்துக்குப் பதினைந்து அங்குலம். வரைபடப்படி உள்ளே எட்டுக் கம்பி. ஆறு அங்குலத்துக்கு ஒரு வளையம். மேஸ்திரியின் தொப்பையே அடங்காது!

ஆனால் தூணின் அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது... மேஸ்திரியின் ஷூ.

கான்கிரீட் போட்ட அன்றிலிருந்து மூன்று நாளாக ஆளைக் காணோம். இன்று காலை தூணைச் சுற்றி அடித்திருந்த பலகையைப் பிரித்தார்கள். சித்தாள் ஒருத்தி வீலென்று அலறினாள்!

அரசுப் பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடம் அது. அவள் அரசாங்க என்ஜினீயர். கான்ட்ராக்டரோ அவளுடைய தாய்மாமா. பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தப் படிப்பு என்ற அப்பாவிடம் சண்டை பிடித்து, அவளைப் படிக்க வைத்தவர்.

அதே மாமாதான் அவள் வந்து பார்ப்பதற்குள் பன்னிரண்டு தூணுக்கும் கான்கிரீட் போட்டு முடித்திருந்தார். கம்பியை அவள் கண்ணால் பார்க்கவில்லை. இனி அவள் கையெழுத்துப் போட்டால் மேலே தளம் வரும். அதன் கீழே இருநூறு பிள்ளைகள் வந்து உட்காருவார்கள்.

"உடைங்கய்யா" என்றார் போலீஸ் இன்ஸ்பெக்டர்.

மாமா குறுக்கே பாய்ந்தார்.

"சார், உள்ள ஆள் போகவே முடியாது. கம்பி அவ்வளவு நெருக்கம்."

"அப்படியா?" இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

ஒரு வார்த்தை போதும். 'முடியாது' என்றால் தூண் தப்பித்துவிடும். மாமாவும்தான்.

"எனக்குத் தெரியாது சார். நான் கம்பியைப் பாக்கல."

சொன்னது சத்தியம். அப்படியிருந்தும் உள்ளுக்குள் ஏனோ குறுகுறுவென்று சிரிப்பு வந்தது. பிணம் கிடக்கும் இடத்தில் சிரிப்பா? அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

டமார்... டமார்... டமார்!

கான்கிரீட் உதிர்ந்தது. கை இல்லை. தலை இல்லை. வெறும் ஷூ!

அப்புறம் கம்பிகள். அவள் எண்ணினாள்.

நான்கே நான்கு.

"எத்தனை கம்பி சார் இருக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

எல்லோரும் திரும்பினார்கள். புதுச் செருப்பும் டீ கிளாஸுமாக... மேஸ்திரி!

"யோவ், நீ சாகலையா?"

"லீவு போட்டிருந்தேன் சார். கம்பி குறையுதுன்னு மொதலாளிகிட்ட மூணு தடவை சொன்னேன், காதுல போட்டுக்கல. பொணம்னாத்தானே உடைப்பாங்க?"

இன்ஸ்பெக்டர் சிரிப்பதா, கைது செய்வதா என்று தெரியாமல் மீசையைத் தடவினார்.

மாமா அவளை ஓரமாக அழைத்துப் போனார். இந்த ஒரு தூணைப் புதுசாகப் போட்டுத் தருகிறாராம். மீதி பதினொன்றும் சரியாக இருப்பதாக அவள் எழுதித் தந்தால் போதுமாம்.

"உன்னைப் படிக்க வச்சவன் கேக்கறேன்டா கண்ணு."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. படிக்க வைத்ததால்தானே நான்குக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரிகிறது!

அவள் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"தளத்தை என் கையெழுத்து இல்லாமலே போடுங்க மாமா. ஒரு வருஷம் உங்க ஆபீஸை அதுக்குக் கீழ நடத்துங்க. பிள்ளைங்க அப்புறம் வரட்டும்."

மாமா அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே வெறும் வானம்தான் இருந்தது.

இருந்தாலும் ஓரடி வெளியே தள்ளி நின்றுகொண்டார்.